பூஜ்யம் வாங்கியவர்களும் லிஸ்டில் வர வேண்டும்

கொச்சி சுள்ளிக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடை. மிளகு, ஏலம், பாதாம், பேரீச்சை. முன்னால் கடை, பின்னால் குடோன், மாடியில் கணக்கெழுதும் அறை. அவர்களுடைய பில்லிங் சாஃப்ட்வேரை நான் பார்த்துக்கொள்கிறேன். எழுதியது வேறு யாரோ. அவர் விட்டுப் போனதை ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பது நான். அங்கே கணக்குப் பார்க்கும் சேச்சி ஒருநாள் ஒரு ரிப்போர்ட் கேட்டார். ஒரே தாளில், பார்ட்டிக்கு ஒரு வரி. அந்த வரியில் மூன்று கட்டம்: கேரளாவுக்குள் ஜிஎஸ்டி நம்பர் உள்ளவர்களுக்கு விற்றது, கேரளாவுக்குள் நம்பர் இல்லாதவர்களுக்கு விற்றது, வெளி மாநிலத்துக்கு விற்றது.

பழைய சாஃப்ட்வேரில் இதற்கு மூன்று ரிப்போர்ட் இருந்தது. மூன்றையும் தனித்தனியாக எடுத்து எக்செலில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுவார் சேச்சி. ஒவ்வொன்றிலும் வரிகளின் எண்ணிக்கை வேறு, வரிசை வேறு. ஒரு ரிப்போர்ட்டில் இருக்கும் பார்ட்டி இன்னொன்றில் இருக்காது. திரையைப் பார்த்தபடியே, "மோனே, பொள்ளாச்சிக்காரன் எவிடே போயி?" என்றார். பொள்ளாச்சிக்காரர் எங்கும் போகவில்லை. கேரளாவுக்குள் அவர் எதுவும் வாங்காததால், 'மாநிலம் = கேரளா' என்ற நிபந்தனை அவரை லிஸ்டை விட்டே தூக்கிவிட்டது, அவ்வளவுதான்.

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். டேட்டாபேஸில் நிபந்தனையோடு கூட்டுவது, பிரித்துக் கூட்டுவது. டுடோரியல்கள் இதை ஒரு ஃபார்முலாவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நிபந்தனையை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் யார் தாளில் இருக்கிறார், யார் காணாமல் போகிறார் என்பது முடிவாகிறது. அதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

முதலில் ஐந்து வரி டேட்டா. இதை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். கோழிக்கோடு பேக்கரி, நம்பர் உண்டு, பாதாம், 12 சதவீத வரி, 40,000 ரூபாய். பொள்ளாச்சி மளிகை, நம்பர் உண்டு, ஒரே பில்லில் இரண்டு சரக்கு: மிளகு 5 சதவீதத்தில் 90,000, பாதாம் 12 சதவீதத்தில் 10,000. ரொக்க விற்பனை, உள்ளூர் ஆட்கள், நம்பர் கிடையாது: பாதாம் 6,000, மிளகு 4,000. மொத்தம் 1,50,000.

குரூப் பை என்பது பில்களைக் கம்பியில் குத்தி வைப்பது மாதிரிதான். பார்ட்டிக்கு ஒரு கம்பி, ஒவ்வொரு கம்பிக்கும் கடைசியில் ஒரே ஒரு கூட்டுத்தொகை. மூன்று கட்டம் வேண்டுமென்றால் ஒரே கம்பியை மூன்று முறை எண்ண வேண்டும், ஒவ்வொரு முறையும் சில பில்களை மட்டும் கணக்கில் எடுத்து, மற்றவற்றைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு. அதை எழுதினால் இப்படி வரும். ஆபீஸில் வாய்விட்டுச் சொல்வது போலவே எழுதுகிறேன்:

செலக்ட் பார்ட்டி,
சம்(கேஸ் வென் மாநிலம் = 32 ஆண்ட் நம்பர் இஸ் நாட் நல் தென் தொகை எல்ஸ் 0 எண்ட்),
சம்(கேஸ் வென் மாநிலம் = 32 ஆண்ட் நம்பர் இஸ் நல் தென் தொகை எல்ஸ் 0 எண்ட்),
சம்(கேஸ் வென் மாநிலம் <> 32 தென் தொகை எல்ஸ் 0 எண்ட்)
ஃப்ரம் விற்பனை
குரூப் பை பார்ட்டி

32 என்பது கேரளாவின் ஜிஎஸ்டி மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. விடை மூன்று வரி. கோழிக்கோடு: 40,000, 0, 0. பொள்ளாச்சி: 0, 0, 1,00,000. ரொக்கம்: 0, 10,000, 0. பொள்ளாச்சிக்காரர் தன் இரண்டு பூஜ்யங்களோடு தாளில் உட்கார்ந்திருக்கிறார். டேபிளை டேட்டாபேஸ் ஒரே தடவைதான் படிக்கிறது.

அப்படியானால் க்வெரியில் வேர் (where) எதற்கு? எல்லாக் கட்டத்துக்கும் பொதுவான நிபந்தனை வேரில் போகட்டும்: கேன்சல் ஆன பில் வேண்டாம், இந்த நிதியாண்டு மட்டும் போதும், இந்த மாதிரி. கட்டத்துக்குக் கட்டம் மாறும் நிபந்தனை சம்முக்குள்ளே போக வேண்டும். கூட்டி முடித்த பிறகு கேட்கும் கேள்வி, அதாவது லட்சத்துக்கு மேல் வாங்கிய பார்ட்டி மட்டும் என்பது போன்றது, ஹேவிங்குக்கு. இந்த மூன்று இடத்தையும் குழப்பாதவர்கள் பாதி வேலையை முடித்துவிட்டார்கள்.

இவ்வளவு எளிய விஷயம் ஆரம்பத்தில் எஸ்க்யூஎல் மொழியிலேயே கிடையாது. ரிலேஷனல் மாதிரியைப் பற்றி எட்கர் காட் எழுதியது 1970ல். ஐபிஎம்மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதன் முதல் வடிவமான 'செக்வல்' மொழியை அறிமுகப்படுத்தியது 1974ல். கேஸ் என்ற சொல் ஸ்டாண்டர்டுக்குள் வந்தது 1992ல்தான். நடுவில் இருந்த ஆட்கள் என்ன செய்தார்கள்? ஆரக்கிள்காரர்களிடம் டிகோட் என்ற ஃபங்ஷன் இருந்தது. இல்லாதவர்கள் கணக்கால் ஏமாற்றினார்கள்: தொகை * (1 - ஏபிஎஸ்(சைன்(மாநிலம் - 32))). மாநிலம் 32 என்றால் சைன் பூஜ்யம், ஆக 1ஆல் பெருக்கல். வேறு எதுவாக இருந்தாலும் சைன் 1 அல்லது -1, ஏபிஎஸ் அதை 1 ஆக்கிவிடும், ஆக 0ஆல் பெருக்கல். பழைய கோடில் இப்படி ஒரு வரியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, மரியாதைதான் வருகிறது. 2003 ஸ்டாண்டர்டில் ஃபில்டர் வந்தது: சம்(தொகை) ஃபில்டர் (வேர் மாநிலம் = 32). போஸ்ட்கிரஸில் 9.4லிருந்து உண்டு. படிக்க அழகு. ஆனால் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் பழைய மைஎஸ்க்யூஎல், அதில் இது செல்லாது, ஆகவே என் கை கேஸுக்குத்தான் போகிறது.

எல்ஸ் 0 பற்றி ஒரு வார்த்தை. சம்முக்கு எல்ஸ் 0 நல்லது. அதை விட்டால், பொருந்தும் வரி ஒன்றுகூட இல்லாத பார்ட்டிக்கு பூஜ்யம் வராது, நல் (null, மதிப்பே இல்லாத காலி) வரும். மூன்று கட்டத்தையும் கூட்டி நான்காவதாக மொத்தம் போட்டால் அதுவும் நல்லாகிவிடும், ஒரு லட்ச ரூபாய் வாங்கிய பொள்ளாச்சிக்கு மொத்தக் கட்டம் காலியாக நிற்கும். ஆனால் அதே எல்ஸ் 0-வை ஆவரேஜுக்குள் போட்டால் சர்வநாசம். மிளகின் சராசரி விலை கேட்கும்போது பாதாம் வரிகளெல்லாம் பூஜ்ய விலையில் உள்ளே வந்து சராசரியைக் கீழே இழுக்கும். கவுண்ட்டில் போட்டால் இன்னும் மோசம்: கவுண்ட் நல்லைத்தான் விடும், பூஜ்யத்தை எண்ணிவிடும், ஆக நிபந்தனை போட்டும் போடாத மாதிரி எல்லா வரியும் எண்ணப்படும். சம்முக்கு எல்ஸ் வேண்டும், ஆவரேஜுக்கும் கவுண்ட்டுக்கும் வேண்டாம். மனப்பாடம் செய்யுங்கள், தப்பில்லை.

நல் என்றதும் ஜிஎஸ்டி நம்பர் கட்டம் நினைவுக்கு வருகிறது. நம்பர் இல்லாத ஆளுக்கு அந்தக் கட்டத்தை அப்படியே விட வேண்டும். பில் போடும் பையன்கள் விட மாட்டார்கள். ஒரு கோடு போடுவார்கள், 'நில்' என்று அடிப்பார்கள், ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டுப் போவார்கள். இவை எதுவும் நல் அல்ல. ஆகவே சில்லறை ஆள் பதிவு பெற்ற வியாபாரியாகிவிடுவார். இஸ் நல்லை நம்புவதை விட்டுவிட்டு, ஜிஎஸ்டி நம்பர் என்றால் 15 எழுத்து, முதல் இரண்டு மாநில எண் என்பதை வைத்து, நீளம் 15 உண்டா என்று பார்ப்பதே மேல். (ஆரக்கிளில் காலி எழுத்துச்சரமே நல்தான். அங்கிருந்து மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறுகிறவர்கள் முதல் வாரம் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்.)

நிபந்தனைக் கூட்டலுக்கு நான் பார்த்ததிலேயே சுத்தமான உதாரணம் கேரள வெள்ள செஸ். 2018 வெள்ளத்துக்குப் பிறகு, மறுகட்டுமானத்துக்காக மாநில அரசு போட்டது. 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை, இரண்டு வருஷம். பொதுவாக ஒரு சதவீதம். தங்கம், வெள்ளி போன்றவற்றுக்குக் கால் சதவீதம். கேரளாவுக்குள் விற்றால் மட்டும். வாங்குபவருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால் மட்டும். 5 சதவீத வரிச் சரக்குக்குக் கிடையாது, தங்கம், வெள்ளி போன்றவற்றை விட்டால் 12லிருந்து மேலே உள்ளவற்றுக்குத்தான். ஆக ஒரு பில் வரி செஸ்ஸுக்குள் வர நான்கு கேள்வியைத் தாண்ட வேண்டும்: எங்கே, யாருக்கு, எந்தச் சரக்கு, எந்தத் தேதி. நம் ஐந்து வரியையும் அந்த இரண்டு வருஷத்துக்குள் நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கோழிக்கோட்டுப் பாதாம் இரண்டாவது கேள்வியில் விழும். பொள்ளாச்சி பில் முதல் கேள்வியிலேயே விழும். ரொக்க மிளகு மூன்றாவதில். மிஞ்சுவது 6,000 ரூபாய்ப் பாதாம் ஒன்றுதான். செஸ் 60 ரூபாய். ஒன்றரை லட்சம் விற்பனையில் அறுபது ரூபாய்! அதை மாதாமாதம் தனி ஃபார்மில் கட்ட வேண்டியிருந்தது.

இதில் ஒரு கண்ணி உண்டு. பாதாமின் வரி விகிதத்தைச் சரக்கு மாஸ்டரிலிருந்து எடுத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. 2025 செப்டம்பர் 22ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது பாதாம் 12லிருந்து 5க்கு இறங்கியது. மாஸ்டரில் 5 என்று மாற்றிய மறுநிமிஷம், 2020ஆம் வருஷத்து செஸ் ரிப்போர்ட்டை மறுபடி ஓட்டிப் பாருங்கள்: பூஜ்யம். நிபந்தனையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, பழைய பில்லும் மாறவில்லை, ஆனால் நடந்த விற்பனையின் செஸ் மறைந்துவிட்டது. பில் போட்ட அன்றைய விகிதத்தைப் பில் வரியிலேயே எழுதி வைக்காத எந்த சாஃப்ட்வேரையும் வாங்காதீர்கள்.

இன்னொரு வகை நிபந்தனை இதைவிடத் தந்திரமானது. வெளி மாநிலத்தில் பதிவில்லாத ஆளுக்கு விற்றால், பெரிய பில்லை ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில் பில்வாரியாகக் காட்ட வேண்டும், சின்ன பில்லை மாநிலவாரியாகக் கூட்டிக் காட்டினால் போதும். பெரியது என்பதற்கு எல்லை இரண்டரை லட்சமாக இருந்தது. 2024 ஆகஸ்ட் முதல் ஒரு லட்சம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்யாணச் சமையல்காரர் வந்து பாதாம் 70,000, மிளகு 60,000 என்று ஒரே பில்லில் வாங்கினார் என்று வையுங்கள். சம்(கேஸ் வென் தொகை > 100000 ...) என்று எழுதினால் இரண்டு வரியும் லட்சத்துக்குக் கீழே, இரண்டும் சின்ன பில்லில் போய் விழும். நிபந்தனை கேட்பது பில்லின் மதிப்பை, நாம் பார்ப்பது வரியின் தொகையை. ஆகவே முதலில் பில்வாரியாக, ஜிஎஸ்டியோடு சேர்த்து, ஒரு முறை கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் மேல் கேஸ் போட்டு, பிறகு மாநிலவாரியாக மறுபடி கூட்ட வேண்டும். அந்த எல்லையையும் பில் தேதியைப் பார்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் 2023ல் போட்ட பில் இன்றைய விதிப்படி இடம் மாறும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் லாரி வாடகைப் பிரச்சினை. பொள்ளாச்சி பில்லுக்கு வாடகை 1,500, அது பில் டேபிளில் ஒரு தடவை இருக்கிறது. பில்லில் இரண்டு சரக்கு வரி. பில்லையும் வரிகளையும் ஜாயின் செய்துவிட்டு வாடகையைக் கூட்டினால் 3,000 வரும். சிலர் இதற்கு சம்(டிஸ்டிங்க்ட் வாடகை) என்று வைத்தியம் பார்க்கிறார்கள். விடை சரியாக வந்துவிடும், அதே பார்ட்டிக்கு அதே 1,500 வாடகையில் இரண்டாவது பில் போடும் வரை. அன்றைக்கு இரண்டு வாடகையும் ஒன்றாகிவிடும். வரிகளைப் பில்வாரியாகக் கூட்டி ஒரே வரியாக்கிவிட்டு ஜாயின் செய்வதுதான் வழி.

காணாமல் போகிறவர்களிடம் திரும்பி வருகிறேன்.

மட்டாஞ்சேரிக்காரர்களிடம் சாப்பா என்று சொல்லிப் பாருங்கள். பழைய கொச்சித் துறைமுக நாட்களில் கப்பல் வேலைக்கு ஆள் எடுக்க, கங்காணிகளும் காண்டிராக்டர்களும் கொடுத்த டோக்கன் அது. காலையில் கூட்டம் நிற்கும்; டோக்கன் கிடைத்தவனுக்கு அன்றைக்கு வேலை. கொடுப்பது போய், கூட்டத்துக்குள் வீசுவதாகவும், பொறுக்குவதற்கு ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவதாகவும் ஆனது. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15ல் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று தொழிலாளர்களின் உயிர் போனது. ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம், 2023ல் வந்தது, இந்தக் கதைதான், கே.எம். சிதம்பரன் எழுதிய நாடகத்திலிருந்து எடுத்தது.

க்வெரி எழுதுகிறவன் கண்ணால் பார்த்தால், சாப்பா முறை ஒரே ஒரு டேபிள் வைத்திருந்த முறை. வேலை செய்தவன் பெயர்தான் அதில் இருக்கும். அந்த டேபிளை ஆள்வாரியாக குரூப் செய்து என்ன கூட்டினாலும், மாதம் முழுக்க வந்து நின்று ஒரு டோக்கனும் கிடைக்காத ஆள் வர மாட்டான். சம்முக்குள் கேஸ் போட்டாலும் வர மாட்டான், ஏனென்றால் அவனுக்குக் கம்பியே கிடையாது. பூஜ்யம் எழுதக்கூட ஒரு வரி வேண்டும்.

1948ஆம் வருஷத்து டாக் தொழிலாளர் சட்டமும், அதன் கீழ் கொச்சிக்கு 1959ல் வந்த திட்டமும் செய்தது அந்த இரண்டாவது டேபிளை உருவாக்கியதுதான்: பதிவேடு. பதிவான தொழிலாளி வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதில் இருப்பான். இந்தச் சட்டத்தின் கீழ் வந்த திட்டங்களில் வேலை செய்த நாளுக்குக் கூலி, வந்து ஹாஜர் போட்டும் வேலை கிடைக்காத நாளுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், வேலைக்கென்று அழைத்துவிட்டு வேலை தொடங்காமல் போனால் அதற்கொரு தொகை. அதன் பெயரே 'டிஸப்பாயின்ட்மென்ட் மணி'. மாதத்தில் இத்தனை நாள் கூலி உறுதி என்று ஒரு கீழ் வரம்பும் இருந்தது. அப்படியே மூன்று சம் கேஸும், மேலே ஒரு கிரேட்டஸ்ட்டும். அந்தக் கணக்கை கம்ப்யூட்டர் இல்லாமல் ரிஜிஸ்டரில் கோடு போட்டு எழுதிய குமாஸ்தாக்களுக்கு நாம் இன்று செய்வது ஒன்றும் புதிதாகத் தெரியாது.

சேச்சியின் கடைக்கும் இதே வைத்தியம்தான். இந்த மாதம் ஒன்றுமே வாங்காத பார்ட்டி யார் என்பதில்தான் முதலாளிக்கு அக்கறை. வாங்கியவர்கள் பணம் அனுப்புவார்கள், வாங்காதவர்களுக்குத்தான் போன் போட வேண்டும். அதற்குப் பார்ட்டி மாஸ்டரிலிருந்து தொடங்கி விற்பனையை லெஃப்ட் ஜாயின் செய்ய வேண்டும். மாதத்தின் தேதி நிபந்தனையை ஜாயினின் ஆனுக்குள் (on) வைக்க வேண்டும், வேரில் அல்ல. வேரில் வைத்தால் விற்பனை இல்லாத பார்ட்டிக்குத் தேதி நல், நல் எந்தத் தேதி ஒப்பீட்டையும் தாண்டாது, லெஃப்ட் ஜாயின் போட்ட பிரயோஜனமே போய்விடும். இன்டர்வியூவில் இதைத்தான் நான் கேட்பேன். பாதிப் பேர் வேரில்தான் வைக்கிறார்கள்.

கடைசிக் கண்ணி காக்கநாட்டில் இருக்கிறது. அங்கே உள்ள சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் ஓர் ஏற்றுமதி யூனிட் மிளகு வாங்குகிறது. ஜிஎஸ்டி நம்பர் 32ல் தொடங்குகிறது, சுள்ளிக்கல்லிலிருந்து லாரி ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஆனால் ஜிஎஸ்டி சட்டப்படி சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு விற்பது வெளி மாநில விற்பனைக்குச் சமம். நான் மேலே எழுதிய முதல் கட்டம் அதைக் கேரளாவில் தள்ளிவிடும். கேஸில் முதலில் பொருந்தும் வென்தான் ஜெயிக்கும், ஆகவே மண்டலக் கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். மூன்று சம்மிலும் தனித்தனியாக இதைச் செருகுவதற்குப் பதில், ஒவ்வொரு விற்பனை வரிக்கும் 'வகை' என்று ஒரே ஒரு கேஸில் பெயர் வைத்து ஒரு வியூ எழுதிவிட்டேன். அதன் கடைசி எல்ஸ் 'மற்றவை'. இப்போது ஒவ்வொரு வரியும் ஏதாவது ஒரு வகையில் ஒரு தடவைதான் விழும். எல்லா வகையையும் கூட்டினால் நிபந்தனையே இல்லாத சம்(தொகை)யோடு டேலி ஆக வேண்டும்.

டேலி ஆகிறது. மற்றவை கட்டத்தில் மட்டும் அவ்வப்போது ஏதாவது வந்து நிற்கும், பெரும்பாலும் மாநில எண் போடாத பில். சேச்சி தாளை வாங்கியதும் முதலில் பார்ப்பது அதைத்தான். அடுத்து, மாதங்களைக் கட்டங்களாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதை அவரே மாற்றிக்கொள்ளும்படி. கட்டங்களின் பெயரை முன்கூட்டியே சொன்னால்தான் க்வெரி எழுத முடியும் சேச்சி, அது எக்செல் பிவட்டுக்கான வேலை என்று சொல்லியிருக்கிறேன். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பிவட்டைப் போட ஆரம்பித்துவிட்டார்.